கிண்ணத்தில் இருந்த இரண்டு அனிமோன்கள்

கண்ணு,

இதை நின்றபடி படிக்காதே, உட்கார். பெட்டி கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கன்னடப் பள்ளியில் சேர்த்தது நாங்கள்தான், அதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் ஊர் மார்டள்ளியில் நான் படித்தது தமிழ். மனசில் இருப்பதை எழுத வேண்டும் என்றால் எனக்கு இந்த எழுத்துதான் வருகிறது. நீ மெதுவாகவே படி. அவசரமாகப் படித்து மடித்து வைக்கிற விஷயம் இல்லை இது.

போன வாரம் என் பணி ஓய்வு விழாவில் நீ பேசினாய். சால்வை போட்டார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள், சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடிகாரம் கொடுக்கிறவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ மைக்கைப் பிடித்து, “என் அம்மா இந்த விலங்கியல் துறையில் முப்பது வருடம் அட்டெண்டராக இருந்தார். நான் இங்கேயே படித்தபோதும் எனக்கென்று ஒரு குண்டூசி அதிகம் கொடுத்ததில்லை. எல்லா மாணவர்களும் அவருக்கு ஒன்றுதான்” என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ சொன்னது பொய். பொய் என்று தெரியாமல் நீ சொன்னாய், தெரிந்துகொண்டே நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை நீ மங்களூர்ப் பக்கம் போய் விரிவுரையாளராகச் சேரப் போகிறாய். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்துவிட்டால் உன் அப்பாவாலும் மாற்ற முடியாது, அது உனக்கே தெரியும்.

என் வேலை என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை இன்னும் சில பேர் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டெண்டர் என்றால் பெஞ்சு துடைப்பதும் மணி அடிப்பதும் மட்டும் இல்லை. மாணவர்கள் வெட்டிப் பார்க்கிற உயிரிகளைப் பதப்படுத்தி, ஜாடியில் போட்டு, கெடாமல் காத்து, தேர்வு நாளில் தட்டில் வைத்துக் கொடுப்பதும் நான்தான். கடல் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்ததே இந்த வேலையில்தான். அப்போது துறைத் தலைவராக இருந்த மேடம் வருடா வருடம் மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார், வாளி தூக்க நானும் போவேன். முதல் தடவை மணலில் கண்ணாடித் தட்டு மாதிரி ஒன்று கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தேன். அடியில் தொங்கிய நூல் மணிக்கட்டில் பட்டதும் சுரீர் என்றது, கை வரிவரியாகத் தடித்துப் போயிற்று. மேடம் ஓடி வந்து கடல் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். “செத்துப் போனதுதானுங்களே மேடம்?” என்று அழுதேன். “ஜெல்லி மீன் செத்தாலும் அதோட நூல்ல இருக்கற கொட்டுற அணுக்கள் சாகாதும்மா. பட்டா வெடிக்கும்” என்றார். மூளை கிடையாது, இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது, ஆனாலும் செத்த பிறகு இப்படி ஒரு கொட்டு. எனக்கு மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை.

அதே ஜெல்லி மீனை எப்படி வெட்டிப் பார்ப்பது என்று பிறகு கற்றுக்கொண்டேன். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அது சரிந்துவிடும், தொட்டிக்குள் மிதக்கவிட்டபடியே பார்க்க வேண்டும். குடையைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் இருக்கிற வாய்க்குள் சொட்டுக் குழாயால் கொஞ்சம் மைத்தண்ணீர் விட்டால், வயிற்றிலிருந்து குடையின் ஓரம் வரைக்கும் கிளை கிளையாக ஓடுகிற குழாய்கள் நீலமாகத் தெரியும். வெட்டாமலே உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். லாடம் போல வளைந்த நான்கு இனப்பெருக்க உறுப்புகளை யாருமே தவறவிட மாட்டார்கள். ஓரத்தில் எட்டு இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், வெளிச்சமும் சாய்மானமும் அதற்குத் தெரிவது அங்கேதான் என்று மேடம் சொல்வார். அதைக் கண்டுபிடிப்பவர்கள் வகுப்புக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். மையைத் திக்காகக் கலந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தக் கலவைப் பக்குவத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உன் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தேன். அதுவரைக்கும் நீ மேடையில் சொன்ன அம்மாவாகத்தான் இருந்தேன்.

கடல் அனிமோன் விஷயம் வேறு. பூ மாதிரி இருக்கிற அந்தக் கடல் பிராணி பாறையில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றிக் கைகளை விரித்துக்கொண்டு இருக்கும். தொட்டால் போதும், எல்லாக் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டு வற்றிப்போன எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிடும். அப்படிச் சுருங்கினபடி ஃபார்மலினில் போட்டால் அப்படியே இறுகிவிடும், அப்புறம் வெட்டினால் உள்ளே எதுவும் இன்னது என்று தெரியாது. அதனால் முதலில் கடல் தண்ணீரோடு ஒரு பேசின் பாத்திரத்தில் வைத்து, அது தானாக விரியும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அது மயங்குவதற்கு மேலே மென்தால் கட்டிகளைத் தூவி மூட வேண்டும். தலைவலித் தைல வாசனை அறை முழுக்க அடிக்கும். மணிக்கணக்கில் அப்படியே விட்டு, ஊசி முனையால் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கை லேசாக அசைந்தாலும் பொறுக்க வேண்டும். எதுவுமே அசையாத பிறகுதான் ஃபார்மலின், அதையும் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

நீ இரண்டாம் வருடம் படித்தபோது போன பயணம் உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் பாட்டுப் போட்டி நடத்தியதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். பாறை மேல் என்னோடு பேசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பவித்ரா. உன் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த கொள்ளேகால் பெண், அவளுடைய அப்பா நம் ஊர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு பேசின் வைத்திருந்தோம். முதல் பேசினில் இருந்தவை நன்றாக விரிந்து அடங்கிவிட்டன. இரண்டாவது பேசினுக்கு நேரம் வரவில்லை. டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். பவித்ரா ஊசியால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் இழுத்துக்குதுக்கா. ஸ்வல்ப்ப நேரம் இருங்க” என்றாள். நான் பொறுக்கவில்லை. புட்டியைத் திறந்து மொத்தமாக ஊற்றிவிட்டேன். எங்கள் கண் முன்னாலேயே அத்தனையும் சுருண்டுகொண்டன. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நல்லதையும் கெட்டதையும் ஒரே டின்னில் போட்டு மூடினேன். அது அவசரத்தில் செய்த தப்பு. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, யாருக்கும் அவசரம் வரும்.

அடுத்த வருடம் செய்தது அவசரத்தில் செய்தது இல்லை. உங்கள் கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. அனிமோனை நீளவாட்டில் வெட்டி உள்ளமைப்பைக் காட்ட வேண்டும் என்று கேள்வி வரப்போவது எனக்கு முந்தின நாளே தெரியும், தட்டு வைக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி. எங்கள் துறையில் மேடம் ஏற்படுத்தி வைத்த வழக்கம் ஒன்று உண்டு. உயிரிகளை வாளியில் போட்டு மேலே ஈரத் துணி போட்டு மூடிவிட வேண்டும். துணிக்கு அடியில் கையை விட்டு, கைக்கு வந்ததை எடுத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பார்க்கக் கூடாது, பொறுக்கக் கூடாது. பல வருடம் அப்படித்தான் கொடுத்தேன். அன்றைக்கு முந்தின நாள் டின்னைத் திறந்து, விரிந்த நிலையில் இருந்த மூன்றைப் பொறுக்கி எடுத்து எனாமல் கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடி, கைகழுவும் தொட்டிக்குக் கீழே வைத்தேன். ஒன்று உனக்கு. மற்ற இரண்டும், நீ பதற்றத்தில் முதலாவதைக் கெடுத்துவிட்டால் மாற்றிக் கொடுப்பதற்கு.

நீ கெடுக்கவில்லை. நன்றாகவே வெட்டினாய். பிளேடை வாயில் வைத்து ஒரே இழுப்பில் அடிவரை கொண்டு வந்தாய். தொண்டைக் குழல் இரண்டாகப் பிளந்து, அதன் ஓரத்தில் தண்ணீர் உள்ளே போகிற பள்ளம் தெரிந்தது. சுற்றிலும் ஆரஞ்சுச் சுளைக்கு நடுவே இருக்கும் தடுப்பு மாதிரி ஒவ்வொரு தடுப்பும் தனித்தனியாக நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் உன் தட்டருகே நின்று தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று, அதை மறைக்க மாட்டேன். உனக்கு அடுத்த பெஞ்சு பவித்ரா. அவளுக்கு வாளியிலிருந்து வந்தது அந்த இரண்டாவது பேசினில் சுருண்டுபோன ஒன்று. வெட்டினாள், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிக் கிடந்தது. ஊசியால் பிரிக்கப் பார்த்தாள், கிழிந்தது. நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டு, “அக்கா, இது ரொம்ப சுருங்கிருக்கு. வேற ஒண்ணு கொடுங்க” என்று கேட்டாள். “இல்லம்மா, அவ்வளவுதான் இருந்துச்சு” என்றேன். கிண்ணம் என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் அந்த இரண்டையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன்.

நம் கல்லூரியில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்குச் சம்பளம் கட்டாமல் மேற்படிப்பு படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அது உனக்கு வந்தது. அவள் கொஞ்சத்தில் தவறவிட்டாள். செய்முறைத் தேர்வில்தான் தவறவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், பயந்துபோய்ச் சொதப்பிவிட்டாள் என்று நீயே வீட்டில் வந்து சொன்னாய். நான் உனக்குச் சாதம் போட்டுக்கொண்டே “பாவம்” என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரஷர் மாத்திரை வாங்க மண்டி மொஹல்லாவுக்குள் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நுழைந்தேன். கவுண்டரில் பவித்ரா. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், ஸ்டூல் எடுத்துப் போட்டாள், உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ லெக்சரர் ஆகப் போகிறாய் என்றதும் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். “நீ ஏம்மா மேல படிக்கல?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. “சீட்டு கிடைக்கலன்னா வீட்டுல எங்க படிக்க வெப்பாங்கக்கா? ஆனா அது மட்டும் இல்ல. எனக்குக் கை சரியில்லக்கா, கட்டிங் வராது. அந்த எக்ஸாம்லதான் அது தெரிஞ்சுது. மாத்திரைய எண்ணிக் கொடுக்க இந்தக் கை சாக்கு” என்று சிரித்தாள். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம், உனக்கு அது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓர் இடம் போனதை விட இது பெரிது, கண்ணு. பாறை மேல் அத்தனை நேரம் ஊசி பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் கை ஒரு தடவை கூட ஆடவில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்தக் கையைச் சரியில்லை என்று அவள் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி நம்ப வைத்தது நான்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைல்ஸ் ஒட்டுகிற மனுஷர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நீ சின்னவனாக இருந்தபோது ஒரு வீட்டில் குளியலறைத் தரைக்குத் தண்ணீர் வடிகிற வாட்டம் தப்பாக வைத்துவிட்டார். வீட்டுக்காரர் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலையில் தானாகவே போய், தரையை முழுக்க உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார். “பாக்காத ஒண்ணுக்கு எதுக்குங்க இந்த வேல?” என்று நான் சண்டை போட்டேன். “தண்ணி நிக்குமல்ல” என்றார், அவ்வளவுதான். இப்போது நான் சொல்லி முடித்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. “அந்தப் புள்ள தன்ற கையவே கொற சொல்லிக்கிட்டுத் திரியுது. நீ இங்க உக்காந்துட்டு என்ன பண்ற?” என்றார். அடுத்த நாள் மத்தியானம் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன்.

சொன்னேன். கிண்ணத்திலிருந்து ஆரம்பித்துப் புதைத்தது வரை சொன்னேன். நடுவில் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, “சொல்லுங்க” என்றாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லி முடித்தேன். நான் கையைக் கூப்பினேன். “பேடக்கா, வேண்டாம், கையெல்லாம் கூப்பாதீங்க” என்றாள். பிறகு, “இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா, உங்களுக்கு மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்? எங்கூடப் படிச்சவங்க அத்தன பேரும் நான் பயந்து கெடுத்துட்டேன்னுதான் இன்னும் நெனச்சிட்டிருக்காங்க. எங்க அப்பாவும் அதத்தான் நெனச்சாரு, அப்பிடியே போய்ச் சேர்ந்துட்டாரு. எல்லாருக்கும் தெரியணும். உங்க மகனுக்கும் தெரியணும்” என்றாள். “தெரியும்மா. திங்கக்கெழமைக்குள்ள தெரியும்” என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி நீ செய்ய வேண்டியது. உங்கள் வகுப்பு நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது, அதை நடத்துவது நீ. இந்தக் கடிதத்தை நீ உன் கையால் கன்னடத்தில் எழுதி அதில் போட வேண்டும். தமிழில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. ஒரு வரி கூடக் குறைக்காதே. என் பெயரை மறைக்காதே. ‘அம்மா ஏதோ வயசான காலத்தில் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறார்’ என்று முன்னால் ஒரு வரி சேர்க்கிற வேலையும் வேண்டாம். மேடம் இப்போது தன் மகள் வீட்டில் இருக்கிறார், அவருக்கும் துறைக்கும் நான் தனியாக எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன். நீ போடவில்லை என்றால் உன் நண்பர்கள் வீட்டுக்கு நானே ஒவ்வொன்றாக நடந்து போய்ச் சொல்வேன். பணி ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம், கடிகாரம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் மேல் கோபப்படு, நியாயம்தான். வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்துக்குப் பிறகு நீ ராப்பகலாகப் படித்தது உன் உழைப்பு, அதை நான் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அந்த இடம் உன் கையில் வந்தது என் கையால். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்ய வேண்டும் என்பதை நீயும் பவித்ராவும் பேசிக்கொள்ளுங்கள், நீ இன்னும் சின்னப் பிள்ளை இல்லை. அன்றைக்கு உன் தட்டில் இருந்தது மட்டும் எப்படி அவ்வளவு நன்றாக விரிந்திருந்தது என்று உனக்கு ஒரு சந்தேகம் வரவே இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். வந்திருந்தால், அதை எழுத வேண்டியது நான் இல்லை, நீ. இதற்குக் கீழேயே எழுதிவிடு.

ஓர் அட்டெண்டரின் மகனாக ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அங்கே உனக்குக் கீழேயும் ஒருவர் தட்டு வைப்பார், தன் வேலையை என்னை விட நேர்மையாகச் செய்வார் என்று நம்புவோம். ஆனால் தேர்வில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, இது சரியாக இல்லை, வேறு கொடுங்கள் என்று கேட்டால், வேறு இல்லை என்று அட்டெண்டர் சொன்னாலும் நீ எழுந்து போய் ஒரு தடவை தட்டைப் பார். பிள்ளையின் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தட்டில் இருப்பதைப் பார். வேறு எதையும் நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல பையன் நீ. எனக்கு உன் மேல் அத்தனை பிரியம். அந்தப் பிரியத்தில்தான் இதைச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

இதுவரை எழுதியதை உனக்கு முன்னால் பவித்ரா படித்துவிட்டாள். இன்றைக்குக் காலையில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் படிக்க வரும், கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கடைசி வரை படித்தாள். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்து, “இது தப்புக்கா” என்றாள். வேறு ஒன்று கொடுங்கள் என்று அவள் கேட்டதாக நான் எழுதியிருக்கிற இடம். அதை நான் மேலே திருத்தவில்லை, இத்தனை வருடத்தில் எனக்கு வசதியாக எதை மறந்திருக்கிறேன் என்று நீயும் மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். கன்னடத்தில் எழுதும்போது நீயும் அதை அப்படியே விட்டு, அவள் சொன்னதைக் கடைசியில் சேர்த்துக்கொள்.

அவள் ஒரு தடவை கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள்.

அம்மா